பாதி மட்டும் மாறும் போர்டு

எங்கள் வீட்டு மாடி அறை வெறும் வெள்ளைக் கோடுகளாகத் திரையில் தெரிந்தபோது காலை பதினொன்றரை மணி இருக்கும். நான் குக்கரை இறக்கி வைத்துவிட்டு அப்போதுதான் மேலே வந்திருந்தேன். கீழே போகும்போது திரையில் அறை கறுப்பு வெள்ளைப் படமாக இருந்தது. திரும்பி வந்து பார்த்தால் கொடிக்கயிறு, பீரோ, அதன்மேல் இருந்த சூட்கேஸ், மூலையில் என் கணவர் கடையிலிருந்து கொண்டுவந்து போட்டிருந்த பழைய மோட்டார் கூடு, எல்லாம் சாக்பீஸால் வரைந்தது போல ஓரக்கோடுகளாக மட்டும் நின்றன. பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் அதை நான் செய்யவில்லை.

செய்யவில்லை என்றுதான் நினைத்தேன். நினைத்த அடுத்த நிமிடமே அதில் சந்தேகம் வந்துவிட்டது.

காரணம் இருந்தது. என் அம்மாவுக்கு அறுபது வயதில் மறதி ஆரம்பித்தது. முதலில் அடுப்பை அணைத்தோமா என்று நாலு முறை போய்ப் பார்ப்பார். பிறகு அணைக்காமலே அணைத்துவிட்டேன் என்று சாதிப்பார். பென்னாகரத்தில் தனியாக இருந்தவரை நல்லம்பள்ளிக்கு எங்கள் வீட்டுக்கே அழைத்துவந்து, பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு, ஆறு வருடம் கூடவே இருந்தேன். அவர் போன பிறகு மறுபடி வேலை தேடியபோது எனக்கு நாற்பத்தேழு முடிந்திருந்தது. தொழிற்சாலைகளில் பொருளைச் சோதித்துப் பார்க்கும் கேமராக்களைச் செய்கிற ஒரு சின்ன பெங்களூர் கம்பெனி, வீட்டிலிருந்தே செய்யலாம் என்று என்னை எடுத்துக்கொண்டது. சந்தோஷம்தான். ஆனால் சாவியை எங்கே வைத்தேன் என்று தேடும்போதெல்லாம் அம்மாவும் இப்படித்தானே ஆரம்பித்தார் என்று தோன்றும்.

அவர்கள் ஒரு சின்னக் கேமராவோடு கூரியரில் அனுப்பியிருந்தது ஒரு எஃப்பிஜிஏ போர்டு. இரண்டு உள்ளங்கையைச் சேர்த்து வைத்த அளவு, நடுவில் சதுரமாக ஒரு சில்லு. மற்ற சில்லுகளுக்கு என்ன வேலை என்பது செய்யும்போதே முடிவாகிவிடும். இதற்கு அப்படி இல்லை. நாம் எழுதி, கேபிள் வழியாக ஏற்றுகிற கோப்புதான் அது என்னவாக இருக்க வேண்டும் என்று சொல்லும். கரண்ட் போனால் எல்லாம் அழிந்துவிடும், மறுபடி ஏற்ற வேண்டும். எனக்குக் கொடுத்த வேலை அதிலும் நுணுக்கமானது. சில்லுக்குள் ஒரு பகுதி எப்போதும் மாறாது. அறையைப் பார்த்தபடி நான் வைத்திருந்த கேமராவிலிருந்து படத்தை வாங்கித் திரைக்கு அனுப்புவது அந்தப் பகுதி. நடுவில் இன்னொரு பகுதியில் ஒரு ஃபில்டர் இருக்கும். படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே, எதையும் நிறுத்தாமல், அந்த ஃபில்டரை மட்டும் எடுத்துவிட்டு வேறு ஃபில்டரை வைக்க வேண்டும். பகுதி மறுஅமைப்பு என்பார்கள்.

நான் வேலையை விட்ட காலத்தில் இதைப் படித்திருக்கிறேனே தவிர செய்ததில்லை. கையேட்டில் ஒரு பக்கத்தின் கடைசி வரிக்கு வரும்போது முதல் வரி மறந்திருக்கும். மாறாத பகுதியைத் தொட்டுவிட்டால் பழைய ஃபில்டர் கோப்புகள் எதுவும் பொருந்தாது என்று ஒரு எச்சரிக்கை இருந்தது. அதைத் தொட்டேனா இல்லையா என்று எனக்கே பல நேரம் தெரியாது. ஒரு கோப்பைத் தயாரிக்க லேப்டாப் முக்கால் மணி நேரம் எடுத்துக்கொள்ளும். அதற்குள் துணி காயப்போட்டுவிட்டு வந்தால், எதற்காக அந்தக் கோப்பைத் தயாரிக்கச் சொன்னேன் என்பதை யோசிக்க வேண்டியிருக்கும்.

எப்படியோ படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றும் ஒரு ஃபில்டரை எழுதி ஏற்றிவிட்டேன். அதுதான் அன்றைக்குக் கோடுகளாக மாறிப் போயிருந்தது.

மறுபடி என்னுடையதை ஏற்றினேன். கறுப்பு வெள்ளை வந்தது. சாயங்காலம் வரை அப்படியே இருந்தது. மறுநாள் காலையில் பார்த்தால் மறுபடியும் கோடு.

என் லேப்டாப்பில் அப்படி ஒரு ஃபில்டரே இருக்கிறதா என்று தேடினேன். இல்லை. அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் ஓரக்கோடு ஃபில்டர் என்று ஒன்று எங்கள் குழுவின் அடுத்த மாத வேலைப் பட்டியலில் இருந்தது எனக்கு நினைவு வந்தது. நானே எப்போதோ எழுதிப் பார்த்து, பிடிக்காமல் அழித்துவிட்டேனோ? அழித்ததை மறந்துவிட்டேனோ? அழித்த கோப்பு எப்படித் திரும்ப வரும்?

ஒரு நோட்டு எடுத்து எழுத ஆரம்பித்தேன். பத்து மணி பத்து நிமிடம், கறுப்பு வெள்ளை ஏற்றினேன். பத்தே முக்கால், அப்படியே இருக்கிறது. பதினொன்று ஐந்து, கோடு. கையெழுத்தும் என்னுடையதுதான், நேரமும் சரிதான். ஆனால் இரண்டு நாள் கழித்துப் படிக்கும்போது, பத்தே முக்காலுக்கு நான் உண்மையில் திரையைப் பார்த்தேனா, அல்லது பழக்கத்தில் எழுதிவிட்டேனா என்று அதிலும் சந்தேகம் வந்தது.

என் கணவர் மோட்டார் காயில் கட்டுகிறவர். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் கடை. கரண்ட் சம்பந்தப்பட்ட எதுவும் அவருக்குத் தெரியாமல் போகாது என்பது அவருடைய நம்பிக்கை. அவரை மாடிக்குக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"ஏங்க, இது தானா மாறுதுங்க."

அவர் போர்டைக் குனிந்து பார்த்தார். தொடவில்லை. பிளக்கைப் பார்த்தார்.

"எர்த்து சரியில்ல. கரண்ட்டு ஏறி எறங்குது. நம்ம லைன்ல மத்தியானத்துல எரநூத்தம்பது வோல்ட்டு வருது, தெரியுமா?"

"கரண்ட் ஏறி எறங்குனா கெட்டுப்போவும். வேற ஃபில்டரா எப்பிடிங்க மாறும்?"

"அது இன்னா படம் காட்டுதுன்னு எனக்குத் தெரியாது. எர்த்து சரி பண்ணித் தரன், அப்பறம் சொல்லு."

அன்று சாயங்காலமே வீட்டுப் பின்னால் இருந்த எர்த் குழியைக் கிளறி, கரியும் உப்பும் போட்டு, நாலு குடம் தண்ணீர் ஊற்றினார். கடையிலிருந்து ஒரு ஸ்டெபிலைசரைத் தூக்கிவந்து மாடியில் வைத்தார். அது ட்ரான்ஸ்ஃபார்மர் மாதிரி உறுமியது. மறுநாள் பத்தரைக்குத் திரை கோடாக மாறியபோது அந்த உறுமல் கூடவே இருந்தது.

பெங்களூரில் எங்கள் குழுவுக்குத் தலைமையாக இருந்தவர் ஒரு கன்னடப் பெண்மணி. என்னைவிட எட்டு வயது சின்னவர். வாரம் ஒருமுறை வீடியோவில் பேசுவார். பாதி இங்கிலீஷ், எனக்காகக் கொஞ்சம் தமிழ், அவசரத்தில் கன்னடம். "ஏனு, எல்லா சரி இதெயா?" என்று கேட்பார். நான் "எல்லாம் சரிங்க மேடம்" என்பேன். தர்மபுரிக்காரிக்கு அந்தக் கன்னடம் நன்றாகவே புரியும். கேள்வி புரிந்தும் உண்மையைச் சொல்லத்தான் வாய் வரவில்லை. போர்டு தானாக மாறுகிறது என்று சொன்னால் என்ன நினைப்பார்? ஆறு வருடம் வீட்டில் இருந்துவிட்டு வந்தவள், ஏற்றிய கோப்பே நினைவில்லை என்பார். எனக்கே அப்படித் தோன்றும்போது அவரை என்ன சொல்ல?

மூன்றாவது வாரம் ஒரு நாள் காலையில் நாலு முறை ஏற்றினேன். நாலு முறையும் மாறியது. ஒருமுறை ஏற்றி முடித்துக் கையை எடுப்பதற்குள் மாறிவிட்டது. சாஃப்ட்வேர் ஏதோ ஒரு எச்சரிக்கை காட்டியது, சில்லின் நிலை எதிர்பார்த்தபடி இல்லை என்று. அதுதான் எனக்கும் தெரியுமே. போர்டுக்கு முன்னால் நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டேன். எவ்வளவு நேரம் இருந்தேன் என்று தெரியாது. அணைத்தேன் அணைத்தேன் என்று அம்மா சொன்ன அந்த அடுப்பு அவருக்கு உண்மையிலேயே அணைந்ததாகத்தான் தெரிந்திருக்குமோ என்று அன்றைக்குத்தான் முதல்முறையாக யோசித்தேன். அவரோடு எத்தனை முறை சண்டை போட்டிருக்கிறேன்!

அதற்கு மூன்று நாள் கழித்து, சாப்பாட்டுக்கு ஒரு மணிக்கு வர வேண்டிய கணவர் மூன்று மணிக்கு வந்தார். தொப்பூர் கணவாயில் லாரி சாய்ந்து ரோடு அடைத்துவிட்டது, அந்தப் பக்கம் ஒரு தோட்டத்துக்குப் போனவர் திரும்ப முடியவில்லை. சோற்றில் குழம்பை ஊற்றிக்கொண்டே, போன காரியத்தைச் சொன்னார்.

"ஒரு ஆளு மோட்டாருக்குப் பேய் புடிச்சிருக்குதுன்னு ஒரு வாரமா ஃபோன் மேல ஃபோன் பண்றாரு. செல்லுல கூப்புட்டா ஓடற ஸ்டார்ட்டரு இருக்குதில்ல, நான்தான் போட்டுக் குடுத்தன். இவரு நிறுத்துனா அது பாட்டுக்கு ஓடுதாம். ஓடவிட்டா நின்னு போவுதாம்."

"அப்பறம்?"

"அப்பறம் என்னா. ஸ்டார்ட்டரைப் பிரிச்சுப் பாத்தன், ஒன்னியும் இல்ல. அப்பறமா கேட்டன், வேற யார் நம்பராவது இதுல போட்டிருக்குதான்னு. இவரு தம்பி நம்பரும் இருக்குது. ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்ல. அவன் அவன் நேரத்துக்கு அவன் அவன் தண்ணி வுட்டுக்கினு இருக்கிறான்."

அவர் சிரித்தார். நான் சாப்பிட்ட கையைக் கழுவாமல் அப்படியே மாடிக்குப் போனேன்.

போர்டு என் லேப்டாப்போடு கேபிளில் இணைந்திருந்தது. லேப்டாப் நாள் முழுக்க கம்பெனியின் நெட்வொர்க்கில் இருந்தது. நடுவில் போர்டோடு பேசுவதற்கென்று ஒரு சர்வர் ப்ரோக்ராம் பின்னால் ஓடிக்கொண்டே இருக்கும். அது ஓடுவது எனக்குத் தெரியும், அதை நான் மட்டும்தான் பயன்படுத்துகிறேன் என்று நினைத்திருந்தேன். அதோடு யார் யார் இணைந்திருக்கிறார்கள் என்று பார்க்கும் கட்டளையைத் தேடிக் கண்டுபிடிக்க அரை மணி நேரம் ஆனது. இரண்டு வரி வந்தது. ஒன்று என் லேப்டாப். இன்னொன்று வெறும் எண்களாக ஒரு முகவரி.

அதைப் பார்த்ததும் நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. அந்த முகவரி யாருடையது, மனிதரா, கம்பெனியின் ஏதாவது தானியங்கி வேலையா, எனக்குத் தெரியவில்லை. கம்பெனியில் கேட்டால் மூன்று வாரமாக ஏன் சொல்லவில்லை என்று வரும். பென்சிலால் அந்த எண்களை நோட்டில் எழுதிவைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன்.

பிறகுதான் தோன்றியது. ஃபில்டர் ஏற்றுகிற ஆள், அது வேலை செய்கிறதா என்று எப்படியாவது பார்த்துத்தானே ஆக வேண்டும்? என் முன்னால் இருக்கிற இந்தத் திரை அந்த ஆளுக்குத் தெரியாது. ஆனால் மாறாத பகுதியில் ஒரு படத்தைச் சேமித்து வைக்கும் நினைவகம் இருக்கிறது, அதைக் கேபிள் வழியாகப் படிக்கலாம். மெதுவாகத்தான் வரும், ஒரு படம் இறங்க இரண்டு மூன்று நிமிடம் ஆகும். ஆனால் வரும்.

காலண்டர் தாள் ஒன்றைக் கிழித்து, பின்பக்கம் தடித்த மார்க்கரில் இங்கிலீஷில் பெரிய எழுத்தாக "யார் நீங்கள்?" என்று எழுதினேன். கீழே என் பெயரையும் எழுதினேன். கேமராவுக்கு முன்னால் துணிக் கிளிப்பால் கொடிக்கயிற்றில் மாட்டிவிட்டேன். திரையில் அந்தக் கேள்வி வெள்ளைக் கோட்டெழுத்துகளாக வந்து நின்றது. எனக்கே பைத்தியக்காரத்தனமாக இருந்தது.

பத்து நிமிடம் ஒன்றும் இல்லை. தாளைக் கழற்றிவிடலாம் என்று எழுந்தபோது லேப்டாப்பில் கம்பெனி சாட் சத்தம் போட்டது. எங்கள் குழுவில் இருந்தவர்தான். மதுரையில் வீட்டிலிருந்து வேலை செய்பவர். வாராந்தரக் கூட்டத்தில் கேமராவை அணைத்து வைத்திருப்பார், குரல் மட்டும் கேட்டிருக்கிறேன்.

"மேடம், அது உங்க வீடா?" என்று எழுதியிருந்தார்.

என்ன பதில் எழுதுவது என்று யோசிப்பதற்குள் ஃபோனே வந்துவிட்டது.

"மன்னிச்சிருங்க மேடம். பெங்களூர் லேப்ல இருக்கற போர்டுன்னுதான் எனக்குச் சொன்னாங்க. இந்த முகவரியத்தான் குடுத்தாங்க. அது உங்க வீட்டுல இருக்குன்னு சத்தியமா எனக்குத் தெரியாது."

"கோடு ஃபில்டர் உங்களுதா?"

"என்னுதுதான். நான் ஏத்துவேன், கொஞ்ச நேரத்துல போயிரும். படம் வெறும் கறுப்பு வெள்ளையா வரும். என் கோப்புலதான் தப்புன்னு மூணு வாரமா மண்டையைப் பிச்சுக்கிட்டிருக்கேன். ஒரு தடவை முழுசா அழிச்சுட்டு முதல்ல இருந்து எழுதினேன் மேடம்."

"யார்கிட்டயும் சொல்லலையா?"

அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார். "எனக்கு நாப்பத்தொம்பது வயசு. முன்னாடி இருந்த கம்பெனியில ஆள் குறைப்புல எடுத்துட்டாங்க. ஒரு வருஷம் சும்மா இருந்துட்டு இங்க வந்திருக்கேன். வந்த உடனே, நான் ஏத்துனது காணாமப் போகுதுன்னு எப்படிச் சொல்றது?"

நான் சொல்ல வேண்டியதை எல்லாம் அவர் சொல்லிவிட்டார்.

"அந்தப் படத்துல என் ரூம் தெரிஞ்சுதே, சந்தேகம் வரலையா உங்களுக்கு?" என்று கேட்டேன்.

"சோதனைக்கு வச்சிருக்கற படம்னு நினைச்சேன். பீரோ, கொடி, துணி. கோடு பாக்கறதுக்கு நல்ல படமாத்தான் இருந்துச்சு. அப்புறம் மூணு நாளைக்கு முன்னாடி..." என்று இழுத்தார். "அன்னைக்கு இறங்குன படத்துல ஒருத்தங்க தலையைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தாங்க. அப்பத்தான் இது நெசமா யாரோ ஒருத்தர் இருக்கற எடம்னு தெரிஞ்சுது. கேக்கணும்னு நினைச்சேன். கேட்டா நான் பாத்ததா ஆயிருமேன்னு கேக்கல. அந்தப் படத்த அழிச்சுட்டேன் மேடம்."

நன்றி சொல்வதா, கோபப்படுவதா என்று தெரியாமல் "சரிங்க" என்று வைத்துவிட்டேன். வைத்த பிறகு முதலில் கேமராவைச் சுவர் பக்கமாகத் திருப்பினேன். மூன்று வாரமாக அந்த அறையில் என்னென்ன செய்தேன் என்று நினைத்துப் பார்த்தேன். துணி மடித்தேன், தலை வாரினேன், ஒருநாள் தரையில் பாய் போட்டுப் படுத்திருந்தேன். எத்தனை படம் இறங்கியிருக்கும்? அவர் பேசியதைக் கேட்டால் நல்ல மனிதராகத்தான் தெரிந்தது. ஆனாலும் உடம்பு கூசியது. அதே நேரம், எனக்கு மறதி இல்லை, நான் ஏற்றியது சரிதான், வேறு ஆள் மாற்றியிருக்கிறார் என்று உள்ளுக்குள் ஏதோ குதித்தது. இரண்டும் சேர்ந்து வந்ததில் எனக்கு அழுகைதான் வந்தது.

கணவரிடம் சொன்னேன். முதலில், "பாத்தியா, அண்ணன் தம்பி கேசு" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி, "வூட்டுக்குள்ள பாத்துட்டானா?" என்றார்.

"தெரிஞ்சு பாக்கலைங்க."

"தெரியாமப் பாத்தாலும் பாத்ததுதானே," என்றார். பிறகு அவரே, "அவரு மேல என்னா தப்பு, குடுத்த எடத்துல வேல பாத்திருக்கிறாரு," என்றார். அவருக்கும் எந்தப் பக்கம் நிற்பது என்று தெரியவில்லை.

மறுநாள் நானும் மதுரைக்காரரும் பேசிவைத்துக்கொண்டு ஒன்றாகவே பெங்களூர் மேடத்திடம் சொன்னோம். அவர் கேட்டுக்கொண்டே ஏதோ தேடினார். முகம் சிவந்தது. லேபில் இருந்த போர்டின் முகவரிக்குப் பதிலாக என் போர்டின் முகவரியை அவர்தான் அனுப்பியிருந்தார். மன்னிப்புக் கேட்டார். பிறகு, "மூணு வாரா! ஒருத்தர்கூட ஏன் கேக்கல்லா?" என்றார். அன்றைக்கு மதுரைக்காரர் தன் கேமராவைப் போட்டிருந்தார். நரைத்த மீசை, பின்னால் ஒரு பச்சைச் சுவர்.

அத்தோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கூட்டம் முடியும்போது நான் ஒரு கேள்வி கேட்டேன். "வெளியில இருந்து யார் வேணா என் போர்டைத் தொடற மாதிரி அந்த சர்வரை யாருங்க தொறந்து வச்சது?" மேடம் தயங்கினார். பிறகு ஒரு பழைய மின்னஞ்சலை எனக்கு அனுப்பினார். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், செய்ய வேண்டியவை என்று கம்பெனி அனுப்பிய பட்டியல். ஏழாவது வரியில், குழுவில் மற்றவர்களும் போர்டைப் பயன்படுத்தும்படி சர்வரைத் திறந்து வைக்கவும் என்று இருந்தது. கீழே என் பதில். ஏழும் முடிந்தது, நன்றி, என்று.

எனக்கு அது துளிகூட நினைவில்லை. பட்டியல் வந்தது நினைவிருக்கிறது. ஐந்தாவது வரியில் பாஸ்வேர்டு மாற்றச் சொன்னது நினைவிருக்கிறது. ஏழாவது வரி நினைவில்லை. அந்தப் பதிலை எழுதியவள் வேறு யாரோ மாதிரி இருந்தது.

தர்மபுரியில் ஒரு டாக்டரைப் போய்ப் பார்த்தேன். ரத்தம் எடுத்தார்கள். டாக்டர் சில வார்த்தைகளைச் சொல்லிக் கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பக் கேட்டார், படம் வரையச் சொன்னார். கொஞ்சம் தைராய்டு இருக்கிறது, மற்றபடி பயப்பட ஒன்றும் இல்லை, இந்த வயதில் தூக்கம் குறையும், எல்லாருக்கும்தான் மறக்கும் என்றார். அம்மாவைப் பற்றிச் சொன்னேன். "வருஷத்துக்கு ஒருமுறை வந்து காட்டுங்க" என்றார். அது ஆறுதலா எச்சரிக்கையா என்று கேட்கத் தோன்றவில்லை. பஸ்ஸில் வரும்போதுதான் தோன்றியது.

மதுரைக்காரருக்கு லேப் போர்டின் சரியான முகவரி கிடைத்துவிட்டது. ஆனாலும் எங்கள் இரண்டு ஃபில்டரும் ஒரே சில்லில் மாறிமாறி உட்கார வேண்டும் என்பதால் தினமும் ஃபோனில் பேசினோம். மாற்றும் நொடியில் திரை ஒருமுறை பச்சையாகச் சிமிட்டும். புது ஃபில்டர் முழுதாக வருவதற்குள் அந்தப் பகுதி கன்னாபின்னாவென்று எதையோ வெளியே அனுப்புகிறது, அதுவரை அதன் வாயை அடைத்து வைக்க வேண்டும் என்று கண்டுபிடிக்க எங்களுக்கு எட்டு நாள் ஆனது. கண்டுபிடித்தது அவரா நானா என்று பின்னால் மேடம் கேட்டபோது, இரண்டு பேரும் மற்றவரைத்தான் சொன்னோம். மரியாதைக்காக இல்லை. உண்மையிலேயே எங்களுக்கு அது நினைவில்லை.

போன வாரம் சாப்பிடும்போது கணவரிடம் கேட்டேன்.

"ஏங்க, வேலைக்குச் சேந்த அன்னைக்கு, சர்வரைத் தொறந்து வச்சிருக்கிறன், மத்தவங்களும் போர்டைத் தொடலாம்னு உங்ககிட்ட ஏதாவது சொன்னனா?"

அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு மெனக்கெட்டு யோசித்தார்.

"சொன்ன மாதிரியும் இருக்குது. சொல்லாத மாதிரியும் இருக்குது," என்றார். கொஞ்சம் ரசம் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுக் கடைக்குக் கிளம்பிப் போனார்.